கேலிச் சித்திரக் கடையின் சாளரம்

இலண்டன் மாநகரிலே செயின்ட் ஜேம்ஸ் தெரு என்று ஒரு தெரு உண்டு. அரண்மனைக்குச் செல்லும் வழி அது. செல்வர் கூடிச் சீட்டாடும் கழகங்களும், அவர்களுக்குத் தொப்பியும் மதுவும் விற்கும் கடைகளும் அங்கே நிறைந்திருந்தன. அத்தெருவின் 27-ஆம் எண் கடை வாசலில், பனி உறைந்த நடைபாதையிலே, ஒரு முதியவர் வழுக்கி விழுகிறார். தலையணி கழன்றுவிட்டது, பையிலிருந்த காசுகள் சிதறுகின்றன, கையில் பிடித்திருந்த வெப்பமானி மட்டும் உடையாமல் நிமிர்ந்து நிற்கிறது. அவரைத் தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. அருகிலே ஆட்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் அனைவரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைச் சாளரத்தில் வரிசை வரிசையாக வைத்திருக்கும் படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேயர்களே, இது செய்தித்தாளில் வந்த நிகழ்ச்சியன்று. ஜேம்ஸ் கில்ரே என்னும் ஓவியர் செதுக்கி, 1808-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த கேலிச் சித்திரம். ‘மிகவும் வழுக்கும் பருவம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். படத்திலுள்ள கடை, கற்பனைக் கடையன்று. ஹன்னா ஹம்ப்ரி என்னும் அம்மையார் நடத்திய படக்கடை. அதன் மாடியிலேதான் கில்ரே குடியிருந்தார். சாளரத்தில் காணும் படங்களும் அவர் வரைந்தவையே. தம்முடைய கடையை, தம்முடைய படங்களை, அவற்றின் முன் நின்று சிரிக்கும் கூட்டத்தை, எல்லாவற்றையும் சேர்த்துக் கேலி செய்திருக்கிறார் அவர்.

மாணவனாக இருந்தபோது நூலகத்துப் பெரிய தொகுதி ஒன்றில் இந்தப் படத்தை முதன்முதலாகக் கண்டேன். விழுந்தவரைப் பார்த்து நானும் சிரித்தேன். சற்று நேரம் கழித்தே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாகிவிட்டேன் என்பது உறைத்தது. அன்று தொடங்கிய ஈடுபாடு இன்றளவும் நீங்கவில்லை. அந்தச் சாளரத்தின் முன் உங்களையும் சிறிது நேரம் நிறுத்திவைக்க விரும்புகிறேன்.

இப்படங்கள் எவ்வாறு உருவாயின என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மெருகேற்றிய செம்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சொன்றைப் பூசுவார்கள். ஓவியர் கூரிய ஊசியால் அப்பூச்சின்மேல் வரைவார். ஊசி சென்ற இடமெல்லாம் செம்பு வெளிப்படும். பின்பு தகட்டைத் திராவகத்தில் இடுவார்கள். பூச்சுள்ள இடத்தைத் திராவகம் தீண்டாது. ஊசி கீறிய கோட்டை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சை அகற்றி, பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமான தாளை வைத்து உருளைப் பொறியில் அழுத்தினால், மை தாளுக்கு ஏறிவிடும். படம் தாளில் இடம் வலமாக மாறி விழும். ஆகவே தகட்டின்மேல் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் ஓவியர் தலைகீழாகத் திருப்பி எழுத வேண்டும். கில்ரேயின் படங்களிலே மாந்தர் வாயிலிருந்து குமிழி குமிழியாகச் சொற்கள் புறப்படும். அத்தனையையும் அவர் திருப்பித் திருப்பி எழுதினார் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வண்ணத்தை மட்டும் பொறி தராது. அச்சான படங்களுக்கு ஒவ்வொன்றாகக் கையாலேயே நிறம் தீட்டினார்கள். வண்ணமிடாத படம் ஒரு ஷில்லிங், வண்ணமிட்டது இரண்டு ஷில்லிங் என்பது பொதுவான விலை. பெரிய படங்களுக்கு விலை இன்னும் கூடுதல். இரண்டு ஷில்லிங் என்பது அந்நாளில் ஓர் உழைப்பாளியின் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும் தொகை. ஆகவே வாங்குவோர் வேறு. வாசலில் நின்று பார்ப்போர் வேறு. உள்ளே சீமான்கள் பணம் கொடுத்துச் சிரித்தார்கள். வெளியே வண்டிக்காரனும், எடுபிடிச் சிறுவனும், சமையற்காரியும் இலவசமாகச் சிரித்தார்கள். பிக்கடில்லியில் கடை வைத்திருந்த ஃபோர்ஸ் என்பவர் இன்னொரு வழியையும் கண்டார். படங்களைத் தொகுத்துப் பெரிய ஏடுகளாகக் கட்டி, ஒரு மாலைப் பொழுதுக்கு வாடகைக்கு விட்டார். விருந்து முடிந்த பின் விருந்தினர் புரட்டிப் பார்த்துப் பொழுதுபோக்க அவை பயன்பட்டன. தம்மைப் பற்றிய கேலியையே வாடகைக்கு எடுத்து வந்து விருந்தினருக்குக் காட்டும் சமூகம் எத்தகையது! இந்தப் புதிர்தான் இன்றைய பேச்சின் பொருள்.

இன்னொரு செய்தி வரலாற்று மாணவர்களுக்கு விருந்தாகும். ஹோகார்த் என்னும் முன்னோடி ஓவியரின் முயற்சியால் 1735-இல் ஒரு சட்டம் வந்தது. அச்சுப்படத்தின் அடியிலே வெளியிட்டவர் பெயரும் வெளியிட்ட நாளும் பொறித்திருந்தால், பிறர் அதைத் திருடி அச்சிடக் கூடாது என்பது அச்சட்டம். அதன் பயனாக, இப்படங்களிற் பெரும்பாலானவற்றின் பிறந்த நாளே நமக்குத் தெரியும். இன்ன திங்களில் இன்ன நாளில் இலண்டன் எதைப் பார்த்துச் சிரித்தது என்று சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையின் கேலிச் சித்திரப் பட்டியலில் 17,000-க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றுள் 1771 முதல் 1832 வரையிலான பகுதியை ஏழு தொகுதிகளாக விளக்கி எழுதியவர் டாரதி ஜார்ஜ் என்னும் பெண்மணி. ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலத்தில், 1935 முதல் 1954 வரை, அத்தொகுதிகள் வெளிவந்தன. ஒவ்வொரு முகமும் யாருடையது, ஒவ்வொரு குறிப்பும் எதைச் சுட்டுகிறது என்று அவர் தேடித் தேடி எழுதியிராவிட்டால், நம்மைப் போன்றோர்க்கு இப்படங்களில் பாதி ஊமைப் படங்களே.

இனிப் படங்களைப் பார்ப்போம். 1802-ஆம் ஆண்டுப் படம் ஒன்று. பெயர், ‘மஸ்லின் ஆடை அணிவதன் நன்மைகள்’. பருத்த சீமாட்டி ஒருத்தி தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறாள். கணப்படுப்பிலிருந்து பழுக்கக் காய்ந்த இருப்புக்கோல் ஒன்று சரிந்து அவள் ஆடைமேல் விழுந்துவிட்டது. மெல்லிய துணி பற்றி எரிகிறது, மேசை கவிழ்கிறது, பூனை பாய்ந்தோடுகிறது. சுவரிலே தொங்கும் படத்திலோ வெசூவியஸ் எரிமலை நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் படம் பிரிட்டனின் நாகரிகப் பெண்மணிகளுக்குக் காணிக்கை என்று கில்ரே பணிவுடன் எழுதி வைத்தார்!

அந்தக் காலத்து உடையை அறிந்தால் நகைப்பின் காரம் புரியும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்பு, பழங்காலக் கிரேக்கச் சிலைகளைப் போல உடுத்துவதே அழகு என்ற எண்ணம் பரவியது. இடுப்புக் கச்சை மார்புக்குக் கீழே ஏறிவிட்டது. பட்டுக்கும் சரிகைக்கும் பதிலாக வெள்ளை மஸ்லின் வந்தது. அத்துணியின் புகழ் பெற்ற தாயகம் வங்காளத்து டாக்கா. ஆயினும் 1802-க்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பொறிகளில் நூற்ற நூலைக்கொண்டு மஸ்லின் நெய்யத் தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் குளிரில், திறந்த கணப்படுப்பின் அருகில், காற்றைப் போன்ற துணியை அணிவது பேதைமை என்பதே கில்ரேயின் நகைப்பு. ஆடை தீப்பற்றி உண்மையாகவே பெண்கள் இறந்ததுண்டு. அதை நினைத்தால் சிரிப்பு பாதியிலே நின்றுவிடுகிறது.

தாமஸ் ரோலண்ட்ஸன் என்பவர் வேறு வகை. கில்ரேயின் கோட்டிலே கடுகடுப்பு உண்டு; ரோலண்ட்ஸனின் கோடு வளைந்து நெளிந்து ஆடும். சாமர்செட் மாளிகையிலே ஓவியக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சி நடைபெறும். கண்காட்சிக் கூடத்துக்கு ஏற ஒரு செங்குத்தான சுழற்படிக்கட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். அதிலே ஒருத்தி இடற, அவள்மேல் இன்னொருத்தி, அவள்மேல் மற்றொருவர் என்று நாகரிகச் சமூகமே உருண்டு விழுவதாக அவர் வரைந்தார். ஆடை குலைந்து விழும் பெண்களைத் தூக்கிவிடாமல், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்க்கிறார்கள் சில கனவான்கள். ஆங்கிலத்தில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லின் எழுத்தைச் சிறிது மாற்றினால் உற்றுப் பார்த்தல் என்ற பொருள் வரும். படத்தின் பெயரில் அந்தச் சிலேடையை வைத்தார். கலையைப் பார்க்க வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது சொல்லாமலே விளங்குகிறது.

ஜார்ஜ் குரூக்ஷாங்க் இவர்கள் இருவருக்கும் இளையவர், 1792-இல் பிறந்தவர். 1816 தொடங்கிப் பல ஆண்டுகள், ‘இந்த ஆண்டின் கோரங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில், புதுப் புது உடைகளைக் கேலி செய்து படங்கள் வெளியிட்டார். 1818-இல் அவர் வரைந்த அரண்மனைக் கூட்ட நெரிசல் எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற இடங்களிலெல்லாம் கூட்டுப் பாவாடை வழக்கொழிந்து நெடுநாளாகியும், அரசவைக்கு வரும் பெண்கள் மட்டும் அந்தப் பெருங்கூட்டை அணிந்தே தீரவேண்டும் என்ற விதி இருந்தது. கச்சையோ மார்பளவில், கூடோ அதற்குக் கீழிருந்தே விரிகிறது. ஆகவே ஒவ்வொரு சீமாட்டியும் கவிழ்த்து வைத்த கூடையிலிருந்து தலையை நீட்டுவது போலக் காட்சியளித்தாள். அந்தக் கூடைகள் ஒன்றையொன்று இடித்து நசுங்குவதே படம். நான்காம் ஜார்ஜ் 1820-இல் அரியணை ஏறியபின் அந்த விதியை நீக்கினார்.

ஆண்கள் தப்பிவிட்டார்கள் என்று எண்ண வேண்டா. பிரம்மல் என்னும் அலங்காரப் புருஷர், கஞ்சியிட்ட கழுத்துத் துணியைக் கட்டும் கலையாலேயே இளவரசரின் நட்பைப் பெற்றவர். 1816-இல் கடனுக்கு அஞ்சிக் கலே நகருக்கு ஓடிப்போனவர். அவர் போன பின்பு அவரைப் பின்பற்றுவோர் பெருகினர். 1818, 1819-ஆம் ஆண்டுப் படங்களிலே இந்த மைனர்கள் இடுப்பை இறுக்கக் கச்சுக் கட்டுகிறார்கள். கெண்டைக்கால் திரண்டு தோன்றப் பஞ்சு வைக்கிறார்கள். கழுத்துப்பட்டை காது வரை ஏறியதால் தலையைத் திருப்ப முடியாமல் தவிக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, ஓவியர்கள் ஏழைகளின் சார்பாக நின்று செல்வரை எள்ளினர் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பின்பு இரண்டு படங்கள் என் எண்ணத்தை மாற்றின.

ஒன்று, கில்ரேயின் 1794-ஆம் ஆண்டுப் படம். இரு பெண்கள் அருகருகே நிற்கிறார்கள். இருவர் தலையிலும் ஓங்கிய இறகுகள். மெலிந்தவள் அரண்மனைப் பகுதியைச் சேர்ந்த சீமாட்டி. பருத்தவள் சீப்சைடு என்னும் வாணிகப் பகுதியின் வணிகர் மனைவி. முன்னவள் உடலில்லாத உயிராம். பின்னவள் உயிரில்லாத உடலாம். இருவரையும் குத்துகிறார் ஓவியர். ஆனால் குத்து சரிசமமன்று. சீமாட்டியின் குற்றம் மெலிவு மட்டுமே. வணிகர் மனைவியின் குற்றமோ, தனக்கு உரியதல்லாத உடையை அணிந்தது. படத்தை வாங்கிய சீமாட்டி எந்தப் பாதியைப் பார்த்து மிகுதியாகச் சிரித்திருப்பாள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மற்றொன்று நமக்கு இன்னும் நெருங்கியது. 1797-இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘ரூபாய்ப் பிரபு’. ஹைட் பூங்காவிலே குட்டையான கனவான் ஒருவர் குதிரைமேல் ஒய்யாரமாகச் செல்கிறார். முகம் கறுத்துத் தோன்றுகிறது. அவர் பால் பென்பீல்டு, இந்தியரல்லர், ஆங்கிலேயர். 1760-களில் கும்பினியின் ஊழியராகச் சென்னைக்கு வந்தவர். இன்று கடற்கரைச் சாலையில் நீங்கள் காணும் சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவர் இவரே என்பர். ஆர்க்காட்டு நவாபு முகம்மதலிக்குக் கடன் கொடுத்தே பெரும் பொருள் குவித்தார். கடனுக்கு ஈடாகத் தஞ்சைச் சீமையின் விளைச்சலின்மீதே உரிமை கோரினார். அதை எதிர்த்த கவர்னர் பிகட் பிரபுவை, 1776-இல் அவருடைய ஆலோசனைச் சபையாரே சிறைப்படுத்தினர். அடுத்த ஆண்டு காவலிலேயே அவர் உயிர் நீத்தார். 1785-இல் எட்மண்டு பர்க் பாராளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றி நிகழ்த்திய பேருரையில் பென்பீல்டின் பெயர் நெருப்பாக வந்து விழுந்தது. ஆயினும் பென்பீல்டு பாராளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். ஹைட் பூங்காவில் குதிரை ஏறினார்.

இத்தகைய மனிதரைப் பற்றிய கேலிச் சித்திரத்தில் என்ன இருக்கிறது? தஞ்சையின் வயல் இருக்கிறதா? ஒரு பிடி நெல் இருக்கிறதா? இல்லை. அவர் பெயரில் ரூபாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது; முகத்தில் கருமை ஏறியிருக்கிறது; அவ்வளவே. கீழ்நாட்டுப் பணத்தோடு வந்தவன் நம் பூங்காவிலே நமக்குச் சமமாகக் குதிரை ஏறுகிறானே என்ற எரிச்சல்தான் அங்கே சிரிப்பாக மாறியிருக்கிறது. கொள்ளையடித்ததற்காக அவரை எள்ளவில்லை. புதுப்பணக்காரராக வந்ததற்காகவே எள்ளினார்கள். கில்ரேயின் கைத்திறனை எத்தனை முறை வியந்தாலும், இந்தப் படத்தின் முன் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பென்பீல்டு பின்னர் அனைத்தையும் இழந்து, 1810-இல் பாரிசு நகரில் வறுமையில் இறந்தார்.

எள்ளலை நகைக்குரிய நிலைக்களன்களில் முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். உரை எழுதியோர் அதை இரு கூறாக்கினர்: தான் பிறரை எள்ளுவதும், பிறர் தன்னை எள்ளுவதும். செயின்ட் ஜேம்ஸ் தெருவிலே மூன்றாம் கூறு ஒன்று இருந்ததாகத் தோன்றுகிறது: தன்னைப் பிறர் எள்ள வேண்டுமென்று ஏங்குவது. ஜார்ஜ் கானிங் பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக உயர்ந்தவர். அவர் இளம் அரசியல்வாதியாக இருந்தபோது, கில்ரேயின் படம் ஒன்றில் தம் உருவம் இடம்பெற வேண்டுமென்று நண்பர் மூலமாகத் தூது அனுப்பினார். அந்தச் சாளரத்தில் தொங்கினால்தான் பெரிய மனிதர் என்ற மதிப்பு! தூது சென்ற நண்பர் ஸ்னெய்டு என்னும் பாதிரியார். வழுக்கி விழும் முதியவரின் படத்துக்கு மூல வரைவு தந்தவரும் அவரே.

கேலிக்கு ஆளானோர் ஏன் வழக்குத் தொடுக்கவில்லை என்று கேட்கலாம். தொடுத்தால், ‘இந்தத் தொந்தி என்னுடையதுதான்’ என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். ஊர் இரண்டாம் முறையும் சிரிக்கும். ஆகவே அதிகாரத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு வழிகளை நாடினர். கில்ரே 1796-இல் அரச குடும்பத்துக் குழந்தையின் பிறப்பை வைத்து வரைந்த படத்துக்காகத் தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டில் கைதானார். வழக்கு முற்றவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து கானிங்கின் நண்பர் குழாம் வாயிலாக அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை கிடைத்தது. அதற்கு முன் அமைச்சர் பிட்டையும் எதிர்க்கட்சியினரையும் ஒருங்கே குத்திய ஊசி, அதன்பின் எதிர்க்கட்சிப் பக்கமே மிகுதியாகச் சென்றது.

குரூக்ஷாங்கின் கதை இன்னும் சுவையானது. வேல்ஸ் இளவரசராக இருந்து, 1811 முதல் தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பேற்று, 1820-இல் நான்காம் ஜார்ஜாக அரியணை ஏறியவரைப் போலக் கேலிக்கு இரையான மன்னர் அந்நாட்டில் வேறு ஒருவர் இல்லை. 1792-லேயே அவரை, உண்டு களைத்து முட்கரண்டியால் பல் குத்தும் போகியாகக் கில்ரே வரைந்திருந்தார்; அங்கியின் பொத்தான்கள் தொந்தியைத் தாங்க மாட்டாமல் திணறும், பக்கத்திலே கொடுபடாத கடன் சீட்டுகள் கிடக்கும். அரசரான பிறகு, தம்மை ஒழுக்கக் கேடான நிலையில் வரையக் கூடாது என்ற உறுதிமொழி பெற்று, குரூக்ஷாங்குக்கு 100 பவுன் கொடுக்கச் செய்தார். 1820-ஆம் ஆண்டு சூன் திங்களில் நடந்தது இது. பணத்தைப் பெற்றுக்கொண்ட அதே ஓவியர், அவ்வாண்டிலேயே வில்லியம் ஹோன் எழுதிய ‘அரசியின் திருமண ஏணி’ என்னும் சிறு நூலுக்குப் படம் வரைந்து, அரசரையும் அவர் மனைவியை நடத்திய முறையையும் சந்தி சிரிக்க வைத்தார். இதை நேர்மை என்று சொல்ல எனக்கு மனமில்லை. நேர்மையின்மை என்று சொல்லவும் நா எழவில்லை.

கில்ரேயின் முடிவு துன்பமானது. 1806-க்குப் பின் கண் மங்கியது. நுணுக்கமான கோடே வாழ்வாகக் கொண்டவருக்கு அது தாளாத இடி. குடி மிகுந்தது, 1810 அளவில் சித்தம் கலங்கியது. 1811-இல் தம் மாடிச் சாளரத்திலிருந்தே கீழே குதிக்க முயன்றார். திருமணம் செய்துகொள்ளாத ஹன்னா ஹம்ப்ரி அவரை இறுதிவரை தம் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார். 1815-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் கில்ரே இறந்தார். அவர் ஆண்டுக்கணக்கில் குள்ளனாக வரைந்து நகையாடிய நெப்போலியன் வாட்டர்லூவில் வீழ்ந்தது அதற்கு 17 நாட்களுக்குப் பின்னர்.

1830-களில் கல்லச்சு முறை பரவியது. செம்புத் தகடும் திராவகமும் பின்தங்கின. நகையும் அடக்கமாகியது. 1841-இல் ‘பஞ்ச்’ இதழ் தொடங்கியபோது, கேலிச் சித்திரம் குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் தாளின் ஒரு பக்கமாகிவிட்டது. குரூக்ஷாங்க் 1878 வரை வாழ்ந்தார். பிற்காலத்தில் மதுவிலக்குப் பிரசாரகராகி, 1847-இல் ‘புட்டி’ என்னும் படத்தொடரை வெளியிட்டார்.

அரச மாளிகையாரும் இப்படங்களை வாங்கிக் குவித்தார்கள். சிலவற்றை நகைத்து மகிழ வாங்கினர். சிலவற்றைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்க, தகட்டோடும் சேர்த்தே வாங்கினர். விண்ட்சர் அரண்மனையில் சேர்ந்திருந்த ஏறக்குறைய பதினாயிரம் படங்களை, அமெரிக்காவிலுள்ள வாஷிங்டன் நகரத்துக் காங்கிரசு நூலகம் 1921-இல் விலைக்கு வாங்கிக்கொண்டது. அரண்மனைப் பெட்டிகளில் கிடந்த அந்தத் தாள்களை இன்று அங்கே செல்லும் எவரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கட்டணம் ஒன்றும் இல்லை.